பெயர் சொன்னால்தான் கதவு திறக்குமா?

விம் என்னும் எடிட்டரை வெறுமனே திறந்தால் என்ன தெரிகிறது? கறுப்புத் திரை. இடப்புறம் மேலிருந்து கீழாக அலைக்கோடுகளின் அணிவகுப்பு. நடுவே எடிட்டரின் பெயர், பதிப்பு எண், ஆக்கியோன் பெயர், உகாண்டா நாட்டு ஏழைக் குழந்தைகளுக்கு உதவுமாறு ஒரு வேண்டுகோள். வெளியேறும் வழியும்கூட எழுதியிருக்கிறது. ஆனால் நாம் நிற்கும் கோப்புறையில் என்னென்ன இருக்கின்றன என்பது பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டுக்கு வந்தவனை வாசலில் நிறுத்தி, "யாரைப் பார்க்க வேண்டும்? பெயரைச் சொல்" என்று கேட்கும் காவற்காரனைப் போல அது நிற்கிறது.

நண்பர்களே, அந்தக் காவற்காரனை மாற்ற வேண்டும் என்பதே என் கருத்து. டெர்மினலில் எடிட்டரைத் திறந்ததும் கோப்புகளின் பட்டியல் கண்முன் வந்து நிற்க வேண்டும். அமைப்புக் கோப்பில் நான்கைந்து வரி எழுதினால் முடிகிற காரியம் இது. இதற்கொரு கட்டுரையா என்று சிலர் சிரிக்கக்கூடும். தமிழில் கோப்புக்குப் பெயர் வைக்கிறவனுக்கு இது வசதியைப் பற்றிய கேள்வியே அன்று. அவன் எழுதி வைத்த அளவீடுகள் பிழைக்குமா என்ற கேள்வி. ஆகவே சிரிப்பவர்கள் சற்றுப் பொறுத்துச் சிரிக்கலாம்.

ஆய்வகத்து மூத்தவர்கள் சொல்வது நமக்குத் தெரியும். "கோப்பின் பெயரை நினைவில் வைத்துக்கொள். பெயரைத் தட்டு. பட்டியல் கேட்பவன் கத்துக்குட்டி." இதை அவர்கள் ஏதோ ஒரு தவ ஒழுக்கம் போலச் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தது இந்த ஒழுக்கம்? யுனிக்ஸ் பிறந்த காலத்தில் திரையே இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற டெலிடைப்தான் இருந்தது. டெலிடைப் 33 என்னும் பொறி ஒரு நொடிக்குப் பத்து எழுத்துகளைத் தாளில் அடிக்கும். அறுபது கோப்புகளின் பெயரை அது அடித்து முடிக்க ஒரு நிமிடம் ஆகும். கென் தாம்சன் எழுதிய ‘எட்’ என்னும் எடிட்டர், பிழை நேர்ந்தால் ஒரே ஒரு கேள்விக்குறியை மட்டும் அடித்துவிட்டுச் சும்மா இருந்ததும் அந்தச் சிக்கனத்தால்தான்.

1976இல் பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய் ‘விஐ’ எடிட்டரை எழுதத் தொடங்கியபோது திரை வந்துவிட்டது. ஆயினும் அவர் வீட்டில் இருந்தது 300 பாட் மோடம். நொடிக்கு முப்பது எழுத்து. 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட ஒரு திரை நிரம்ப 1920 எழுத்து வேண்டும். அறுபத்து நான்கு நொடி! கேட்காத பட்டியலைக் காட்டுவது அன்று பெருங்குற்றமாகவே இருந்திருக்கும். அவர் கையாண்ட ஏ.டி.எம். 3ஏ டெர்மினலில் எச், ஜே, கே, எல் விசைகளின்மேல் அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. அதனால்தான் இன்றும் நாம் அந்த நான்கு விசைகளால் மேலும் கீழும் நடக்கிறோம். அந்தப் பழக்கத்தில் தவறில்லை, கைக்கு எளிது. ஆனால் பட்டியல் காட்டாத பழக்கம் வேறு. வறுமையில் அரை வயிறு உண்டவன் செல்வம் வந்த பிறகும் அரை வயிறே உண்டு, அதை விரதம் என்று பேரனுக்கும் உபதேசித்த கதைதான் அது.

இனித் தமிழுக்கு வருவோம்.

நான் பிழைப்பு தேடி மலையாள நாட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் வீடு நெய்யாற்றின்கரைப் பகுதியில் ஆரியங்கோட்டில் இருக்கிறது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு வட்டம் அந்தப் பக்கம் சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நெய்யாற்றின்கரை வட்டம் இந்தப் பக்கம் கேரளத்தில் நின்றது. இந்த இரண்டு கோடுகளுக்கும் ஆங்கில எழுத்துக்கூட்டில் வாலாக நிற்பது, நிரலைக் குறிக்கும் ‘கோட்’ என்ற அதே சொல் என்பது ஒரு வேடிக்கை. எங்கள் வீட்டுக்கு வரும் தபாலில் ஊர்ப்பெயர் தமிழில் ஒரு விதம், மலையாளத்தில் ஒரு விதம், ஆங்கிலத்தில் இரண்டு விதம். இந்த ஊர்க் கிணறுகளின் நீரை எடுத்துச் சோதிப்பது என் முதுகலை ஆய்வின் ஒரு பகுதி. அளவீடுகள் ஊர்ப்பெயரிலேயே கோப்பாகின்றன. ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதுகிறோம்.

அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ‘ஆரியங்கோடு’ என்பதை நம் கண் ஆறு எழுத்தாகப் படிக்கிறது. யுனிகோடு அப்படிப் படிப்பதில்லை. ஆ, ர, இகரக் குறி, ய, ங, புள்ளி, க, ஓகாரக் குறி, ட, உகரக் குறி என அதற்குப் பத்து உறுப்புகள். யு.டி.எஃப். 8 முறையில் தமிழ் உறுப்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆக முப்பது பைட். (பழைய யுனிக்ஸில் கோப்பின் பெயருக்குப் பதினான்கு பைட்டுக்கு மேல் இடமில்லை. அந்நாளில் என்றால் எங்கள் ஊர் ‘ஆரிய’ என்ற அளவில் நின்றுபோயிருக்கும், கோடு இருந்திராது. இன்றைய லினக்ஸில் 255 பைட் கிடைக்கிறது. எண்பத்தைந்து தமிழ் உறுப்புகள் தாராளமாக அடங்கும்.)

முப்பது பைட் என்றேன். முப்பத்து மூன்றாகவும் இருக்கலாம்! ‘கோ’ என்பதிலுள்ள ஓகாரக் குறிக்கு யுனிகோடில் தனி எண் ஒன்று உண்டு. அதையே இரட்டைக்கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு எண்களாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யுனிகோடு விதி சொல்கிறது. திரையிலும் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆனால் லினக்ஸ் கோப்பு முறைக்கு இந்த விதியைப் பற்றி வழக்கமாக அக்கறை இல்லை. அதற்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை, அவ்வளவே. முப்பது பைட் ஆரியங்கோடு ஒரு கோப்பு. முப்பத்து மூன்று பைட் ஆரியங்கோடு வேறொரு கோப்பு. இரண்டும் ஒரே கோப்புறையில் அருகருகே நிம்மதியாகக் குடியிருக்கும். ஒகரமும் ஔகாரமும் இதே கதைதான்.

பிரித்து எழுதுபவர் யார் என்று கேட்கலாம். மேக் கணிப்பொறிகளில் நெடுங்காலம் இருந்த எச்.எஃப்.எஸ். பிளஸ் என்னும் கோப்பு முறை, பெயர்களைப் பிரித்தே சேமித்து வைத்தது. 2017இல் வந்த புதிய முறை கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கிறது. ஆயினும் பழைய வட்டுகளிலும் பழைய கட்டுகளிலும் பிரிந்த பெயர்கள் இன்னும் வாழ்கின்றன. கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டுகிற கைகளும் உண்டு. தமிழ்99 விசைப்பலகையில் ‘க’வுக்குப் பின் ‘ஓ’வைத் தட்டும் கை அந்தத் தவறைச் செய்யாது.

எங்கள் ஆய்வகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொதுக் கோப்புறையில் ஆரியங்கோட்டின் அளவீட்டுக் கோப்பு ஒன்று இருந்தது. வேறொரு கணிப்பொறியிலிருந்து வந்து சேர்ந்தது அது. பெயர் முப்பத்து மூன்று பைட். இளைய மாணவர் ஒருவர் டெர்மினலில் விம் என்று தட்டி, ஊர்ப்பெயரையும் பிழையின்றித் தட்டினார். அவர் தட்டியது முப்பது பைட். விம் என்ன செய்யும்? அப்படியொரு கோப்பு இல்லை. ஆகவே புதிய கோப்பு என்று அடியில் சிறு குறிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு வெற்றுப் பக்கத்தைத் திறந்தது. அந்தக் குறிப்பு யார் கண்ணில் படும்? பாவம், அவர் அளவீடுகள் அழிந்துவிட்டன என்றே நம்பிவிட்டார். யாரிடமும் சொல்ல அஞ்சி, இரவெல்லாம் விழித்து, குறிப்பேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மீண்டும் எழுதிச் சேமித்தார். மறுநாள் ஒரே பெயரில் இரண்டு கோப்பு. பழையதில் பின்னால் திருத்தப்பட்ட எண்கள் சில இருந்தன. புதியதில் குறிப்பேட்டிலிருந்த முதல் எண்கள். எது மெய் என்று பிரித்தெடுக்க இரண்டு நாள் போயிற்று. எடிட்டர் திறந்ததும் பட்டியல் வந்திருந்தால், அவர் அம்புக்குறியை நகர்த்தி, என்டரைத் தட்டி, வேலையை முடித்துவிட்டு உறங்கப் போயிருப்பார்.

"டேப் விசை எதற்கு இருக்கிறது? முதலிரண்டு எழுத்தைத் தட்டி டேபை அழுத்தினால் மீதியை அதுவே நிரப்புமே!" என்பார் மூத்தவர். கோப்பு ஒன்றுதான் என்றால் நிரப்பும். இரண்டும் இருந்தால்? ‘ஆரியங்க’ என்பது வரையில் இரண்டுக்கும் பைட்டுகள் ஒன்றே. அங்கே டேப் நின்றுவிடும். இன்னுமொருமுறை அழுத்தினால், இரண்டு பெயரையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே பெயர். எதைத் தட்டி எதை விலக்குவது? பட்டியலில் இந்தத் தொல்லை இல்லை. மேலுள்ளது ஒன்று, கீழுள்ளது ஒன்று. அளவும் தேதியும் அருகில் இருக்கும். சுட்டிக் காட்டித் திறக்கலாம். பெயரைச் சொல்லி அழைக்க முடியாதபோது விரலால் சுட்டத்தானே வேண்டும்?

இதற்கு வேறொரு மருந்து சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. "ஆங்கிலத்திலேயே பெயர் வைத்துவிடு, தொல்லை தீர்ந்தது." எனக்கு இதில் உடன்பாடில்லை. தமிழ்ப் பற்றால் மட்டும் இதைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எங்கள் ஊரின் கடைசி அசையைச் ‘சி’ போட்டு எழுதுவார் ஒருவர். ‘கே’ போட்டு எழுதுவார் இன்னொருவர். நடுவில் ‘என்’ ஒருவருக்கு, ‘என்ஜி’ இன்னொருவருக்கு. ஐந்து பேர் பணிபுரியும் ஆய்வகத்தில் ஆங்கிலப் பெயரே நான்கு கோப்புகளாகப் பெருகும். ஊர்ப்பெயர் என்பது அளவீட்டின் ஒரு பகுதி. அந்த ஊரார் எப்படி எழுதுகிறார்களோ அப்படி எழுதுவதே அறிவியலுக்கும் நல்லது. கருவியின் குறைக்காகப் பொருளின் பெயரை மாற்றுவது, செருப்புக்காகக் காலை வெட்டுவதாகும்.

மலையாள நண்பர்கள் இதைக் கேட்டு நம்மைப் பார்த்து இரங்க வேண்டாம். அவர்கள் பாடு நம் பாட்டினும் பெரிது. மலையாளச் சில்லெழுத்துகளுக்கு 2008இல் வெளிவந்த யுனிகோடு 5.1 பதிப்பில்தான் தனி எண்கள் கிடைத்தன. அதற்கு முன் மெய்யும் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியும் சேர்த்து எழுதினார்கள். நெய்யாற்றின்கரை என்பதை மலையாளத்தில் எழுதினால் நடுவில் ஒரு சில்லு ‘ன்’ வருகிறது. பழைய முறையில் எழுதியது ஒரு பெயர். புதிய முறையில் எழுதியது வேறு பெயர். நம் ஓகாரத்தையாவது யுனிகோடு விதி ஒன்றெனச் சொல்கிறது. சில்லுக்கு அந்த விதியும் இல்லை. ஆகவே இந்தப் பட்டியல் விண்ணப்பத்தில் அவர்களும் நம்மோடு கையெழுத்திடலாம்.

செய்வது எப்படி? விம்மோடு நெட்ரூ என்னும் கோப்பு உலாவி சேர்ந்தே வருகிறது. புதிதாக எதையும் இறக்கி நிறுவ வேண்டுவதில்லை. பொது ஆய்வகக் கணிப்பொறியில் நிறுவும் உரிமை மாணவர்க்கு ஏது? ஆகவே நெர்ட்ட்ரீ போன்ற அழகிய துணைநிரல்களைக் காட்டிலும் இதையே நான் விரும்புகிறேன். அமைப்பு எதையும் தொடாமல், விம் என்று தட்டி ஓர் இடம் விட்டு ஒரு புள்ளி வைத்தாலே நிற்கும் கோப்புறையின் பட்டியல் வந்துவிடும். புள்ளி என்றால் ‘இவ்விடம்’ என்று பொருள். இந்த ஒரு புள்ளியைக் கற்பிக்காமலே எத்தனை பேரை நாம் டெர்மினலுக்கு அனுப்புகிறோம்!

புள்ளி வைக்க மறந்தாலும் பட்டியல் வர வேண்டுமானால், வீட்டுக் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் விம்ஆர்சி என்னும் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். விம்என்டர் என்பது எடிட்டர் முழுதும் தொடங்கி முடிந்த தருணத்தின் பெயர். அந்தத் தருணத்தில் எக்ஸ்புளோர் என்னும் கட்டளையை ஓட்டு என்று சொல்வதே அந்த வரியின் சாரம். ஆனால் இதை நிபந்தனையின்றி எழுதிவிடக் கூடாது. கிட் நிரல் நம்மிடம் குறிப்பு எழுதச் சொல்லி எடிட்டரைத் திறக்கும்போதும் பட்டியல் வந்து மறைத்தால் என்ன ஆவது? ஆகவே, கோப்பின் பெயர் எதுவும் தரப்படாதபோது மட்டும் என்று நிபந்தனை போட வேண்டும். தரப்பட்ட பெயர்களை எண்ணிச் சொல்ல ஆர்க்சி என்னும் செயற்கூறு இருக்கிறது; அது சுழி என்றால் பட்டியல், இல்லையேல் சும்மா இருத்தல். இன்னொரு நிபந்தனையும் உண்டு. அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறொரு கட்டளையின் விடையைக் குழாய் வழியே விம்முக்கு அனுப்பும்போதும் ஆர்க்சி சுழிதான். அப்போது வந்த உரையின் தலைமேல் பட்டியல் ஏறி உட்காரும். குழாய் வழி உரை வருவதற்குச் சற்று முன் எழும் நிகழ்வு ஸ்டடின்ரீட்பிரீ. அதில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு, அடையாளம் இருந்தால் பட்டியல் வேண்டாம் என்று எழுத வேண்டும்.

பட்டியலுக்குள் என்டர் திறக்கும். சிறுகோடு மேற்கோப்புறைக்கு ஏற்றும். சிறிய ஐ தட்டத் தட்டப் பட்டியலின் வடிவம் மாறும், அவற்றுள் ஒன்று அளவும் தேதியும் காட்டுவது. சிறிய எஸ் வரிசையை மாற்றும். சிறிய டி புதிய கோப்புறையை உண்டாக்கும், பெரிய டி இருப்பதை நீக்கும். இந்த இரண்டையும் ஒரே விசையில் வைத்தவரின் துணிச்சலை வியக்கிறேன்! நீக்குமுன் ஒருமுறை கேட்கும் என்பது ஆறுதல். மேலே வரும் விளக்கப் பட்டையை மறைக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். புதியவர் மறைக்க வேண்டாம், உதவிக்கு வழி அதில்தான் இருக்கிறது. ஈமேக்ஸ் பயில்வோர்க்கு டையர்டு இருக்கிறது. தொடக்கப் பக்கமாக ஒரு கோப்புறையைக் குறித்துவைக்க அதில் ஒரு மாறி உண்டு. நானோவில் தொடக்கப் பட்டியல் கிடையாது. கன்ட்ரோல் ஆர், பின் கன்ட்ரோல் டி என்று தட்டிக் காணலாம்.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. ஆயிரக்கணக்கான கோப்புகள் குவிந்த கோப்புறையில், அதுவும் வலைவழி இணைந்த வட்டில், நெட்ரூ மெல்லத்தான் அசையும். உபுண்டுவில் முதலில் கிடைப்பது பெரும்பாலும் விம் டைனி என்னும் குட்டி விம். அதில் இந்த நிபந்தனைகள் ஓடா, முழு விம் வேண்டும். பல டெர்மினல்கள் தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டுவதில்லை. கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் எனச் சிதறும். சிதறிய பெயரையும் சுட்டித் திறக்கலாம் என்பதுதான் என் வாதம். தட்டித் திறப்பது கடினம். எழுத்தின்மேல் நின்று ஜி, எட்டு என்று தட்டினால் அதன் பைட்டுகளை விம் காட்டிவிடும், ஐயமும் தீரும்.

கேரள அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்கள் ஐ.டி. அட் ஸ்கூல் காலந்தொட்டு, 2017இல் அது கைட் ஆன பின்னும், லினக்ஸைச் சுட்டெலியோடு பழகியவர்கள். எல்லைக்கு அப்பால் இருந்து வருவோரில் பலர் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தின் வழி கணிப்பொறியைக் கண்டவர்கள். இருவருமே கோப்புகளைக் கண்ணால் கண்டு பழகியவர்கள். டெர்மினலில்தான் திடீரென்று குருடாக்கப்படுகிறார்கள். அவர்களுக்குக் கத்துக்குட்டிப் பட்டம் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

நம் மன்றம் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்கட்டும். யாரோ எழுதிய முந்நூறு வரி அமைப்பைப் படியெடுத்து ஒட்டுவது வேண்டாம். இந்த நான்கைந்து வரியை அவரவர் கையால் தட்டி, ஒவ்வொரு சொல்லும் ஏன் நிற்கிறது என்று கேட்டு எழுதட்டும். அன்றே பொதுக் கோப்புறைகளின் பெயர்களையும் சீர்செய்துவிடலாம். கான்வ்எம்வி என்னும் நிரல் பிரிந்த ஓகாரங்களைச் சேர்த்துப் பெயர் மாற்றித் தரும். தனியே ஆணையிட்டாலன்றி அது எதையும் மாற்றாது, மாற்றப் போவதைச் சொல்லிக் காட்டுவதோடு நிற்கும். அதை ஓட்டுமுன் ஆரியங்கோடு இரண்டில் ஒன்றுக்கு மட்டும் வேறு பெயர் வைத்து ஒதுக்கிவிடுங்கள். முப்பது பைட்டாகிவிட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர். ஒரு கோப்புறையில் ஒன்றுக்குத்தான் இடம். திருத்திய எண்கள் இருப்பது முப்பத்து மூன்றில்.